பூவாளி ரோட்டில் எக்ஸ்பிரஸ் நின்ற காலம்

“டாக்டரம்மாவுக்குக் காய்ச்சலாம்க்கா. இன்னைக்கு எக்ஸ்பிரஸ் நிக்காது.”

பூவாளி ரோடு ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே கீரைக்கூடையை இறக்கி வைத்துக்கொண்டே ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மற்றவள், “அய்யோ பாவமே” என்றாள். பாவம் டாக்டரம்மாவுக்கா, வாடப்போகிற கீரைக்கா என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. ஒரு பல் டாக்டரின் மனைவிக்குக் காய்ச்சல் வந்தால் சென்னையிலிருந்து வருகிற ரயில் ஏன் நிற்காது என்று வரிசையில் நின்ற வக்கீல் குமாஸ்தாவும் கேட்கவில்லை, திருநெல்வேலியில் கல்லூரிக்குப் போகிற நாங்களும் கேட்கவில்லை. பால்காரருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அன்று காபி இல்லை. அதுபோலத்தான் இதுவும் எங்களுக்கு ஆகியிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

பூவாளி என்ற ஊர் ஒரு பக்கமும் பூவாளி ரோடு என்ற ஸ்டேஷன் இன்னொரு பக்கமும் இருக்க, நடுவே கரிசல் காடும் ஒரு தீப்பெட்டி ஆபீசும் இருக்கின்றன. தினமும் காலையில், வீடுகளில் இட்லி வேகும் நேரத்தில், தெற்கே போகிற எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனைக் கடந்து போகும். கல்யாண வீட்டில் வசதியான சொந்தக்காரர் நம்மைப் பார்த்தும் பார்க்காததுபோல் போவாரே, அப்படிப் போகும். அது நிற்க வேண்டும் என்று போராடுவதற்காக உரக்கடை மாசானம் பயணிகள் நலச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, தலைவராகி, தலைமுடி நரைத்து, நரைத்ததற்குச் சாயம் பூசி, சாயமும் வெளுத்துக்கொண்டிருந்தார். மனு கொடுத்தார்கள், கறுப்புக்கொடி காட்டினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். ரயில் மறியல்கூடச் செய்தார்கள். ஆனால் எக்ஸ்பிரஸ் வேகமாக வரும் என்பதால், மெதுவாக வந்து எப்படியும் நிற்கப்போகிற பாசஞ்சர் ரயிலை மறித்தார்கள். மறியல் மாபெரும் வெற்றி என்று மறுநாள் போஸ்டர் ஒட்டினார்கள்.

இந்தப் போராட்டங்கள் எதிலும் கலந்துகொள்ளாதவர் பல் டாக்டர் சாலமோன். அவருக்கு ரயில்மேல் ஆசை உண்டு, ஆனால் உள்ளங்கையில் அடங்குகிற ரயில்மேல். அந்தக் காலத்தில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பணக்காரப் பிள்ளைகளுக்காகச் செய்த பொம்மை நீராவி எஞ்சின்களை அவர் சேர்த்து வந்தார். பொம்மை என்றாலும் பொய் இல்லை. டம்ளர் அளவு பித்தளை பாய்லரில் தண்ணீர் ஊற்றி, கீழே ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால், ஆவி கிளம்பி, விரலளவு பிஸ்டனைத் தள்ளி, சக்கரம் நிஜமாகவே சுற்றும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும் மலை எஸ்டேட் பங்களாக்களின் ஏலத்திலும் அவை துருப்பிடித்துக் கிடக்கும். டாக்டர் லீவு கிடைத்தால் அங்கேதான் போவார்.

வாங்கி வந்ததை அவர் வைத்தியம் பார்க்கிற விதத்தை, பல் வலியோடு போய் வாய் திறந்தபடி காத்திருந்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பல்லில் படிகிற காரையும் பாய்லரில் படிகிற காரையும் ஒரே சாதிதான் என்பார். பல் சுரண்டுகிற அதே கருவியால் (“கழுவிட்டேன்மா, பயப்படாதீங்க”) பாய்லர் வாயைச் சுரண்டுவார். வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியை எஞ்சினுக்குள் விட்டு விரிசல் தேடுவார். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பார், ஒழுகுகிற மூட்டுக்கு ஈயம் வைப்பார், பிஸ்டனைச் சுற்றி நூல் அடைப்பார். பெயின்ட்டை மட்டும் தொடமாட்டார். நூறு வருஷத்துப் பெயின்ட் உரிந்திருந்தாலும் அதுதான் அதன் தோல் என்பார். எல்லாம் சரியானதும் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். ஒன்றையும் ஓட்டமாட்டார். ஓட்டினால் தேயும், சூட்டில் பெயின்ட் கொப்பளிக்கும், தண்ணீர் வற்றிவிட்டால் ஈயம் இளகி பாய்லர் கழன்றுவிடும்.

“ஓடாத எஞ்சினுக்கு எதுக்குங்க இம்புட்டு வைத்தியம்?” என்று அவர் மனைவி லீதியாள் ஒருநாள் கேட்டாள்.

“ஓடும். ஆனா ஓட்டக் கூடாது. அதான் இதுல விசேஷம்.”

“எனக்குப் புரியுது” என்றாள் அவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பூவாளியை விட்டு வெளியே போகாதவள், அதனால் புரிந்திருக்கலாம்.

அவர் காரைக்குடிக்குப் போயிருந்த ஒரு காலையில், அலமாரியைத் துடைப்பதற்காகத் திறந்த லீதியாள், உள்ளே இருந்தவற்றில் பெரியதான பச்சை நிற ரயில் எஞ்சினை வெளியே எடுத்தாள். நீளத்தில் தேங்காய் துருவுகிற பலகை அளவு இருக்கும். சக்கரங்கள் தரையில் படாமல் ஒரு மரத் தாங்கிமேல் நிற்கும். நோயாளிகள் வாய் கொப்பளிப்பதற்காக ஆறவைத்திருந்த வெந்நீரை ஊற்றினாள். கிளினிக் ஸ்பிரிட்டை விளக்கில் நிரப்பினாள். பிஸ்டனுக்கு இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டாள். தீயைக் குறைத்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அடுப்பை எப்போதும் முழுசாக எரியவிட்டுச் சமைக்கிறவள். ஆவி சேர்ந்து சக்கரம் சுற்றத் தொடங்கியதும், மேலே இருந்த கடுகளவு கைப்பிடியை விரலால் இழுத்தாள். ஒரு குருவி தும்மியதுபோல விசில் அடித்தது.

கரிசல் காட்டையும் தீப்பெட்டி ஆபீசையும் தாண்டி, அந்தச் சத்தம் போய்ச் சேரவே வழியில்லாத ஸ்டேஷனில், எக்ஸ்பிரஸ் நின்றது.

அன்று இறங்கியவர் ஒரே ஒருவர்தான். தூக்கத்தில் திருநெல்வேலி வந்துவிட்டது என்று நினைத்து இறங்கிய அவரை, மாசானம் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, கழுத்திலிருந்த துண்டை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார். “ஏன்ணே நிப்பாட்டுனீங்க?” என்று எஞ்சின் டிரைவரை அண்ணாந்து கேட்டதற்கு, “நிக்கணும்னு தோணுச்சு” என்றார் அவர். விசில் அடங்கியதும் போகணும் என்று தோன்றியிருக்கிறது, போய்விட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் மேலிடத்துக்குச் சிக்னல் கோளாறு என்று தகவல் சொன்னார். சிக்னலைச் சோதிக்க வந்தவர்களும், நிற்கக் கூடாத அந்த எக்ஸ்பிரஸ் நின்றதால், அதிலேயே சௌகரியமாகத் திரும்பிப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை.

அடுத்த சில காலைகளிலும் லீதியாள் விளையாட்டாக எஞ்சினை ஓட்டினாள், ரயில் நின்றது. ஒருநாள் ஸ்பிரிட் தீர்ந்து ஓட்டவில்லை, ரயில் போய்விட்டது. எதிர் வீட்டுக்காரி இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல, மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எப்படி என்று ஒருவரும் ஆராயவில்லை. ஆராய்ந்தால் ரயில் நிற்பதே நின்றுபோய்விடும் என்ற பயம் ஒரு காரணம். இவ்வளவு காலம் மனு கொடுத்த இடங்களில் எதுவும் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டதில்லை என்ற பழக்கம் இன்னொரு காரணம்.

ஊரிலிருந்து திரும்பிய டாக்டர், எஞ்சினின் புகைபோக்கி ஓரத்தில் பெயின்ட் கொஞ்சம் நிறம் மாறியிருப்பதைப் பார்த்து அழுதார். அழுகை முடிவதற்குள் மாசானம் தலைமையில் ஊர் மாலையோடு வந்துவிட்டது. மாலையைக் கழுத்தில் வாங்கியவரால் திட்ட முடியவில்லை. இனி நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். ஆனால் பெயின்ட்டுக்குப் பயந்து அவர் தீயை மிகச் சின்னதாக வைப்பார். விசில் பாதியில் இழுக்கும். ஸ்டேஷனில் ரயில் நிற்காமல் மாட்டுவண்டிபோல் நகரும். ஓடிப்போய் ஏறியதில் வக்கீல் குமாஸ்தாவுக்குக் கால் பிசகியது, எனக்கு ஒரு செருப்பு போனது. மனசைக் கெட்டியாக்கி இன்னும் கொஞ்சம் தீ வைக்கச் சொன்னால், “பெத்த பிள்ளைக்குச் சூடு போடச் சொல்றீகளா?” என்றார். ஆகவே வேலை லீதியாளுக்கு வந்தது. அவள் தீயைக் கூட்ட, அவர் ஈரத்துணியால் பெயின்ட்டை ஒற்றி ஒற்றிக் குளிரவைக்க, பிளாட்பாரத்திலிருந்து மாசானம் போனில் சொல்வார்:

“கீரைக்கூடை ரெண்டு பாக்கியிருக்கு, பிடிச்சுக்கோங்கக்கா... பிடிங்க... ஆங், ஏத்தியாச்சு. விடுங்கக்கா.”

அவள் விசிலை விடுவாள். ரயில் கிளம்பும்.

ஊர் வேகமாகப் பழகிக்கொண்டது. ஸ்டேஷன் வாசலில் டீக்கடையும் பூக்கடையும் வந்தன. பூவாளியில் பெண் கொடுக்க யோசித்தவர்கள் யோசிப்பதை நிறுத்தினார்கள். எக்ஸ்பிரஸை நிறுத்தித் தந்ததற்காக ஒரு கட்சி தன் தலைவருக்கு நன்றி சொல்லிப் பேனர் வைக்க, மறு கட்சி அதைவிட ஒரு அடி உயரமாகத் தன் தலைவருக்கு வைத்தது; இரண்டு பேனரின் கீழ் ஓரத்திலும், அஞ்சல்தலை அளவில், டாக்டரின் படம் இருந்தது. லீதியாளின் படம் கிடைக்கவில்லை என்றார்கள். போராட ஏதுமில்லாமல் இளைத்துப்போன மாசானம், லீதியாளைப் பராமரிப்பதையே சங்கத்தின் வேலையாக்கிக்கொண்டு மறுபடி சதை பிடித்தார். அவள் மழையில் நனையக் கூடாது, ஸ்டூலில் ஏறி ஒட்டடை அடிக்கக் கூடாது, ஐஸ் சாப்பிடக் கூடாது. தெருவில் அவள் ஒரு தடவை தும்மினால் மாலைக்குள் மூன்று வீட்டிலிருந்து கஷாயம் வரும்.

காய்ச்சல் என்று கீரைக்காரி சொன்ன அந்தக் காலையில்கூட ரயில் நிற்கத்தான் செய்தது. நலச் சங்கம் திரண்டு போய், எஞ்சினைக் கட்டிலருகே முக்காலியில் வைத்து, நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தவளின் விரலை எடுத்து விசிலில் வைத்தது. கீரை வாடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காளியம்மன் கோவிலில் ‘சாலமோன் மனைவி லீதியாள், ரேவதி நட்சத்திரம்’ என்று அர்ச்சனை செய்தார்கள். சர்ச்சில் ஜெபித்தார்கள். அவளுக்கு ரேவதி நட்சத்திரம் என்று முடிவு செய்தது மாசானம்.

இப்படி ஊரே பொத்திப் பாதுகாத்த லீதியாளுக்குத் தேவையாக இருந்தது ஒரே ஒரு காலை.

அவள் பிறந்த கிருபாபுரம் அதே ரயில் பாதையில் இன்னும் தெற்கே இருக்கிறது. ஒற்றைக் கூரை போட்ட ஸ்டேஷன். எக்ஸ்பிரஸ் அங்கே நின்றதில்லை. நிற்க வேண்டும் என்று கேட்க அங்கே ஒரு மாசானமும் இல்லை. அங்கே வருஷத்துக்கு ஒருமுறை சர்ச்சில் அசனம் நடக்கும். ஊர் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிற பண்டிகை. அதில் கிருபாபுரத்துக்கு மட்டும் ஒரு வழக்கம்: அந்த ஊரில் பிறந்த பெண்கள் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தாலும், அன்று காலை வந்து, ஒரு படி அரிசியைத் தங்கள் கையாலேயே பொது உலையில் போட வேண்டும். வர முடியாதவளுக்காகக் கூடப்பிறந்தவன் போடலாம், ஆனால் எத்தனை வருஷத்துக்கும் போட முடியாது. ஊர் ஒருநாள், இனி இந்தப் பெண் நம் ஊர்ப் பெண் இல்லை என்று சொல்லிவிடும். அதன்பிறகு அவள் வந்தால் விருந்தாளி. விருந்தாளிக்கு நாற்காலி போட்டு முதல் பந்தியில் பரிமாறுவார்கள். பாயில் உட்கார்ந்து சாப்பிடுவது ஊர்க்காரர்கள் மட்டும்.

அண்ணன் போனில் சொன்னதை லீதியாள் டாக்டரிடம் அப்படியே சொன்னாள். “இந்த வருஷமும் நீ வரலைன்னா அடுத்த வருஷம் உனக்கு நாற்காலிதான் தாயி, நான் பேசிப் பாத்துட்டேன்னு சொல்றான்.”

“போயிட்டு வாயேன்” என்றார் டாக்டர், ஒரு சக்கரத்தை எண்ணெயில் ஊறப்போட்டபடி. “சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கோ.”

உலையில் அரிசி போடுவது விடிகாலை ஜெபம் முடிந்து வெயில் ஏறுவதற்குள். முந்தின நாளே போனால் மறுநாள் காலை எஞ்சினை யார் ஓட்டுவது? ஓட்டிவிட்டுப் புறப்பட்டால் பஸ் மாறி மாறிப் போய்ச் சேரும்போது சோறு இறக்கியிருப்பார்கள். லீதியாள் சங்கத்தில் கேட்டாள்.

“ஒரு நாள்தானேன்னு சொல்லாதீங்கக்கா” என்றார் மாசானம், நிஜமாகவே கண் கலங்கி. “ஒரு நாள் நிக்காமப் போய் ருசி கண்டுட்டான்னா, அப்புறம் நிக்க மாட்டான். ரயில்காரன் குணம் எனக்குத் தெரியும்.”

“அன்னைக்குப் பரீட்சை இருக்கு” என்றது ஒரு குரல். அது எங்கள் கூட்டத்திலிருந்துதான் வந்தது.

“அன்னைக்கு முகூர்த்தம் வேற.”

“எங்க அப்பாவுக்கு அன்னைக்குத்தான் கண் ஆபரேஷன்.”

ஒவ்வொருவரும் சொன்னது உண்மை. பொய் சொல்ல யாருக்கும் தேவையிருக்கவில்லை. கடைசியில் மாசானம் ஒரு வழி கண்டுபிடித்தார்: அக்கா அசனத்துக்குப் போக வேண்டாம், அசனத்தை நாம் இங்கே வரவழைப்போம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, பெரிய அண்டாவில் கறிக்குழம்பு வைத்து, எல்லா மதத்தாரும் பாயில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று ஏகமனதாக முடிவானது. கைதட்டல் கேட்டது.

“அங்க நான் அந்த ஊர்க்காரி தம்பி” என்றாள் லீதியாள்.

“இங்கயும் நீங்க எங்க ஊர்தான்க்கா! எங்களுக்குத் தெய்வமே நீங்கதான்.”

“அதைச் சொல்லலை” என்றாள். அதற்குமேல் அவள் பேசவில்லை, அதனால் சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டோம்.

அசனத்து நாள் காலையில், பள்ளி மைதானத்தில் அண்டா ஏறியிருந்த நேரத்தில், லீதியாள் காப்பிக்கொட்டை நிறப் பட்டுச்சேலை கட்டி, ஒரு கையில் அரிசிப் பையும், இன்னொரு கையில் தாம்பாளத்தில் பச்சை எஞ்சினுமாக, கரிசல் காட்டின் வழியே ஸ்டேஷனுக்கு நடந்து வந்தாள். எஞ்சின் அந்த வீட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை. பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பண்டிகை நாள் என்பதால் எல்லோரும் பார்க்கும்படி இங்கே வைத்தே ஓட்டப்போகிறாள் என்று நினைத்த மாசானம் நெகிழ்ந்துபோய், டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டூலும் குடையும் கொண்டுவரச் சொன்னார். சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். அவள் ஸ்டூலில் எஞ்சினை வைத்து, தண்ணீர் ஊற்றி, தீ வைத்து, விசிலை இழுத்தாள். எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. முகூர்த்தத்துக்குப் போகிறவர்கள் ஏறினார்கள், கண் ஆபரேஷன் அப்பா ஏறினார், பரீட்சைக்காரிகள் நாங்கள் ஏறினோம்.

“ஏத்தியாச்சுக்கா, விடுங்க” என்றார் மாசானம் பழக்கத்தில், பக்கத்திலேயே நின்றுகொண்டு.

லீதியாள் விளக்கை ஊதி அணைத்தாள். சூடான எஞ்சினை முந்தானையால் சுற்றித் தூக்கிக்கொண்டு எங்கள் பெட்டியில் ஏறிவிட்டாள். விசில் அடங்கிவிட்டதால் ரயில் கிளம்பியது. ஈரத்துணியோடு காட்டு வழியே ஓடி வந்துகொண்டிருந்த டாக்டர் பிளாட்பாரத்தின் முனையை எட்டியபோது கடைசிப் பெட்டி அவரைத் தாண்டிக்கொண்டிருந்தது. “லீதியா, பாய்லர்ல தண்ணி பாத்துக்கோ! வத்த விட்ராத!” என்று அவர் கத்தியது எங்களுக்குக் கேட்டது. அவருக்குப் பின்னால் மாசானம், “அக்கா, நாளைக்கு? நாளைக்கு என்ன பண்றது?” என்று கேட்டதும் கேட்டது.

ஜன்னலோரத்தில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்து, எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு மரமாகப் பார்த்தாள். அதுவரை அந்த ரயிலைத் தினமும் நிறுத்தியவள் அதற்குள்ளே உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“எங்கக்கா இறங்கணும்?” என்று கீரைக்காரி கேட்டாள்.

“கிருபாபுரம்.”

“அங்க இது நிக்காதேக்கா.”

லீதியாள் சிரித்தாள். கீரைக்காரிக்குக் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பு வந்தது.

பனைமரங்கள் தொடங்கி, தூரத்தில் ஒரு சர்ச் கோபுரத்தின் முனை தெரிந்ததும், அவள் எழுந்து கதவுப் பக்கம் போய், தரையில் எஞ்சினை வைத்தாள். “சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கோங்க” என்றாள்.

“ரயில்ல தீ வைக்கக் கூடாதும்மா, போர்டு போட்டிருக்கு” என்றார் வக்கீல் குமாஸ்தா.

“ஒரு நிமிஷம்தான் தம்பி.”

எங்கள் தண்ணீர் பாட்டிலை வாங்கி பாய்லரை நிரப்பினாள். அரிசிப் பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, மிச்சமிருந்தது முழுவதையும் விளக்கில் ஊற்றித் தீ வைத்தாள். ஒற்றி எடுக்க ஈரத்துணி இல்லாததால், நூறு வருஷத்துப் பச்சைப் பெயின்ட் எங்கள் கண் முன்னே கொப்பளித்து, சுருண்டு, அடியில் இருந்த பித்தளை பளிச்சென்று தெரிந்தது. அவள் விசிலை இழுத்தாள். பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. கிருபாபுரத்தின் ஒற்றைக் கூரைக்கு எதிரே எக்ஸ்பிரஸ் நின்றது. கூரைக்கடியில் படுத்திருந்த ஒரு ஆடு எழுந்து நின்றது.

லீதியாள் குனிந்து விளக்கை ஊதி அணைத்தாள். எஞ்சினை முந்தானையால் பிடித்துத் தூக்கிப் போய், தான் உட்கார்ந்திருந்த ஜன்னலோர இடத்தில், ஜன்னலைப் பார்த்தாற்போல வைத்தாள். பிறகு அரிசிப் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஜல்லியில் இறங்கி, சர்ச் இருந்த திசையில் நடந்து போனாள்.